முந்திரிகைப் பந்தலின் கீழே ஒரு பகல்

வைன் விளையும் நாடு என்றவுடன் நம்மவர் மனத்தில் எழுவது பிரான்சு தேசமே. குன்றுச் சரிவுகளில் வரிசை வரிசையாக நிற்கும் கொடிகளையும் நிலவறைகளில் அடுக்கிய மரப்பீப்பாக்களையும் படங்களிற் கண்டிருக்கின்றோம். குன்று என்று சொல்ல ஒரு மேடுதானும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், பனைமரமும் கிடுகு வேலியும் சூழ்ந்த செம்பாட்டு நிலத்தில், முந்திரிகைத் தோட்டங்கள் இருக்கின்றன என்பதையும், வைன் வடிக்கும் துறவியர் மடம் ஒன்றுகூட அங்கே இருக்கின்றது என்பதையும் கொழும்பிற் பிறந்து வளர்ந்த எம் பிள்ளைகள் நம்ப மறுத்தனர். சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் அவர்களுக்கு அதனைக் காட்டிவரப் புறப்பட்டோம்.

முந்திரிகை என்று நாம் எழுதியதும் இந்தியத் தமிழ் வாசகர் எவரேனும் இருப்பின் கசுக்கொட்டையை எண்ணிக்கொள்வார். நமக்கு அது மரமுந்திரிகை. கொடியிற் காய்த்துக் குலையாகத் தொங்குவதே நம்மூர் முந்திரிகை. கடைக்காரர் இப்பொழுது ‘கிறேப்ஸ்’ என்கின்றார். பாடப்புத்தகம் திராட்சை என்கின்றது. எம் பெரியம்மா மட்டும் பழைய பெயரை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இப்பயணத்துக்கு அந்தப் பெரியம்மாவே மற்றொரு காரணம். அவருக்கு வயது 81. திருநெல்வேலியில் ஒரு வாடகை வீட்டில் இருக்கின்றார். வசாவிளானில் அவருக்கு 8 பரப்புக் காணி உண்டு. 1990ஆம் ஆண்டு போர் காரணமாக ஊரே இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த காணி அது. உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டு நெடுங்காலம் கிடந்து, பின்னர் விடுவிக்கப்பட்டது. மகன்மார் இருவரில் ஒருவர் கனடாவிலும் மற்றவர் இலண்டனிலும் இருக்கின்றனர். திரும்பி வந்து தோட்டஞ் செய்யும் எண்ணம் இருவருக்கும் இல்லை. “வித்துப்போட்டு நிம்மதியா இருங்கோ அம்மா” என்று தொலைபேசியில் ஒவ்வொரு ஞாயிறும் சொல்லி வந்தனர். வாங்குவதற்கு ஒருவர் விலையும் பேசி, அந்தக் கிழமைக்குள் விடை கேட்டிருந்தார். பெரியம்மா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. “ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லுறன் தம்பி” என்று எம்மிடம் கூறியிருந்தார்.

காலை 7 மணிக்கு வான் வந்தது. எம் இல்லத்தரசி சோற்றுப் பொதிகளைக் கட்டி முடித்திருந்தார். பெரியம்மா முன் ஆசனத்தில் அமர்ந்து, மடியில் ஒரு சிறிய பித்தளைச் செம்பை வைத்துக்கொண்டார். தண்ணீர்ப் போத்தல்கள் வேண்டியமட்டும் இருக்கின்றன, செம்பு எதற்கு என்று பிள்ளைகள் கேட்டனர். “இருக்கட்டும்” என்பதே விடை.

பலாலி வீதிவழியே உரும்பிராய் வரை சென்று, அங்கிருந்து கோப்பாய்ப் பக்கம் திரும்பினோம். இருமருங்கும் புகையிலையும் மரவள்ளியும் வெங்காயமும் விளையும் செம்மண். அந்தச் சுற்றாடலிலே தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்துக்கு முன்னரே சொல்லி வைத்திருந்தோம். வெளியே வெய்யில் கண்ணைக் கூசச் செய்தது. பந்தலின் கீழ் நுழைந்ததுந்தான் தாமதம், உலகமே பச்சை நிறமாயிற்று. சீமெந்துத் தூண்கள்மேல் கம்பிகளை நெடுக்கும் குறுக்குமாக இழுத்துக் கொடிகளைப் படரவிட்டிருந்தார்கள். தலையில் முட்டும் உயரத்தில் குலைகள் தொங்கின. சில கருநீலம், சில பாதி சிவந்தவை, சில இன்னும் பச்சைக் காய். யாழ்ப்பாணத்திற் பெரிதும் பயிரிடப்படும் ‘இஸ்ரேல் புளூ’ என்னும் இனம் அது. பழத்தின்மேற் படிந்திருக்கும் வெண்பூச்சை விரலாற் துடைத்தால் கீழே நாவற்பழத்தின் கறுப்புத் தெரிகின்றது. தோல் சற்றுத் தடிப்பு, புளிப்பும் உண்டு. மேல்நாட்டுப் பழம் உண்டு பழகியவர்கள் முகத்தைச் சுளிக்கலாம். எமக்கு அந்தப் புளிப்பே பிடித்திருந்தது.

தோட்டக்காரர் எழுபதை அண்டிய மனிதர். அளந்து பேசுபவர், ஆனால் கொடியைப்பற்றிக் கேட்டால் நிறுத்தமாட்டார்.

“இது குளிர்தேசத்துக் கொடி ஐயா. அங்கை பனி வந்தா இலையெல்லாம் கொட்டிப்போடும். கொடி படுத்து நித்திரை கொண்டு எழும்பும். இஞ்சை அதுக்கு நித்திரை இல்லை. நாங்கள்தான் நித்திரையாக்கி எழுப்ப வேணும்.”

அவர் கூறியது முற்றிலும் உண்மை. நமது வெப்ப நாட்டில் முந்திரிகைக் கொடி ஆண்டு முழுவதும் இலை தாங்கி நிற்கும். விட்டுவிட்டால் இலையாகவே வளர்ந்துகொண்டு போகும். ஆகவே சில நாள்களுக்கு நீரை நிறுத்திக் கொடியை வாடவிட்டு, பின்பு முற்றிய தண்டுகளைக் குறுகக் கத்தரித்துவிடுகின்றார்கள். ஐரோப்பாவிற் குளிர்காலம் செய்கின்ற வேலையை இங்கே கத்தரி செய்கின்றது. அதன்பின் எருவும் நீரும் இட்டவுடன் கண்கள் விழித்துத் தளிர்விட்டுப் பூக்கின்றன. ஏறத்தாழ 4 மாதத்திற் பழம். குளிர்தேசத்தில் ஆண்டுக்கு ஓர் அறுவடையே உண்டு. இங்கே ஒரே கொடியை ஆண்டில் இருமுறை எழுப்பலாம். மழைக்காலத்திற் பழம் முற்றாதவாறு நாட்கணக்குப் பார்த்துக் கத்தரிப்பதிலேதான் கெட்டித்தனம் இருக்கின்றது. மழை பெய்யவேண்டுமென்று எல்லாத் தோட்டக்காரரும் வேண்டிக்கொள்ளும்போது, பழம் முற்றிய முந்திரிகைக்காரர் மட்டும் வானத்தைப் பயத்தோடு பார்ப்பார். மழைபட்டாற் பழம் வெடிக்கும். இலையிற் பூஞ்சணம் பற்றும்.

இலைகளில் அங்கங்கே நீலங்கலந்த வெள்ளைக் கறை காணப்பட்டது. மகள் அது என்னவென்று வினவினாள். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளிக்கும் போர்டோக் கலவைதான் அது. அதற்கொரு வேடிக்கையான வரலாறு உண்டு. பிரான்சிலே போர்டோ நகரை அடுத்த தோட்டக்காரர்கள், வழிப்போக்கர் பழம் பறிப்பதைத் தடுக்க எண்ணி, தெருவோரக் கொடிகளுக்கு மட்டும் இக்கலவையைத் தெளித்து வந்தார்கள். நீலக் கறையைக் கண்டால் நஞ்சென்று அஞ்சி எவரும் கைவைக்கமாட்டார் அல்லவா? 1882ஆம் ஆண்டிலே தாவரவியலாளர் மில்லார்தே என்பவர் அவ்வழியாற் செல்கையில், நாடெங்கும் பூஞ்சண நோயால் இலைகள் உதிர்ந்திருக்கத் தெருவோரக் கொடிகள் மட்டும் பசுமையாக நிற்பதைக் கண்டார். ஆராய்ந்து 1885ஆம் ஆண்டில் அதனை உலகுக்கு வெளியிட்டார். கள்வருக்காகச் செய்தது காளானைக் கொன்றது! இதனை நாம் சொல்லி முடிக்குமுன், மகன் கழுவாத பழம் நான்கை வாயிலிட்டிருந்தான் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளல் வேண்டும். தோட்டக்காரர் சிரித்துக்கொண்டே வாளியில் நீர் அள்ளிக் கொடுத்தார்.

தோட்டத்தின் மூலையில் கிணறு. துலா இருந்த இடத்தில் இன்று நீரிறைக்கும் இயந்திரம். வாய்க்கால்வழி ஓடிவந்த நீர் ஒவ்வொரு கொடியின் அடிப்பாத்தியிலும் நின்று சுவறியது. “முந்தி குழை தாழ்த்து மாட்டெரு போட்டம். இப்ப மூட்டை வாங்கிக் கொட்டுறம். கொட்டுறது முழுக்கக் கிணத்துக்கைதான் போகுது” என்றார் அவர். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது இதனையே. அவர் ஆராய்ச்சி எதனையும் படித்தவரல்லர்.

பெரியம்மா இவ்வளவு நேரமும் பேசவில்லை. பந்தலின் கம்பியைப் பிடித்தபடி நின்றவர், புறப்படும்வேளையில் மட்டும், “ஒரு மூண்டு தடி வெட்டித் தருவியளோ?” என்று கேட்டார். பென்சிற் பருமனில், நான்கு கணுவுள்ள தண்டுத் துண்டங்கள் மூன்றைத் தோட்டக்காரர் பார்த்து வெட்டி, ஈரச் சாக்கிற் சுற்றிக் கொடுத்தார். எங்கே நடப்போகின்றார் என்று கேட்க எமக்கு வாய் வந்தது. இல்லாள் கண்ணால் அடக்கிவிட்டார்.

வாழைத் தோட்டங்கள் நிறைந்த நீர்வேலியைத் தாண்டிப் புத்தூர் சென்று, அங்கிருந்து மேற்கே திரும்பினால் நவற்கிரியில் நிலாவரைக் கிணறு. வழியில் மகன் ஒரு கடையில் தேசிக்காய் ஒன்று வாங்கித் தரும்படி அடம்பிடித்தான். நிலாவரையிற் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று பெரியம்மா கதை சொல்லி வைத்திருந்தார். எம் தலைமுறையிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லப்பட்ட கதைதான். அவன் ஒரு ஆணியினால் அதன் தோலிலே தன் பெயரின் முதலெழுத்தைக் கீறிக்கொண்டான். கிணற்றடிக்கு வந்ததும், பொது நீர்நிலையில் எதையும் எறியலாகாது என்று நாம் தொடங்கிய அறிவுரை முடியுமுன்னரே, தேசிக்காய் நீரில் விழுந்த ஓசை கேட்டது. வெட்கமாகவே இருந்தது. அருகில் நின்ற முதியவர் ஒருவர், “நானும் எறிஞ்சனான் தம்பி, இன்னும் வந்து சேரேல்லை” என்று சொல்லி எம் வெட்கத்தைச் சற்றுத் தணித்தார்.

நிலாவரையைக் கிணறு என்பதே பொருந்தாது. சதுர வாயுடைய ஒரு பெரும் பள்ளத்தில், கரும்பச்சை நிறமான நீர் அசையாமற் கிடக்கின்றது. வானர சேனையின் தாகந்தீர்க்க இராமபிரான் அம்பை ஊன்றித் தோற்றுவித்தார் என்பது ஐதிகம். நிலநூலார் சொல்வது வேறு. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேலே கிடக்கின்றது. மழைநீர் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து உள்ளே குகைகளை உண்டாக்குகின்றது. ஒரு குகையின் கூரை இடிந்து விழுந்தால் நிலாவரை.

பிள்ளைகளுக்கு வியப்பளித்தது அதனினும் வேறொன்று. இந்நீரின் மேற்பகுதி நன்னீர். ஆழஞ் செல்லச் செல்ல உப்பு. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மாரிமழையே நமக்கு முதல். அது கல்லினூடாக இறங்கி, நிலத்தின் கீழ் ஊடுருவி நிற்கும் கடல்நீரின்மேல், பாலின்மேல் ஆடைபோல மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. கேட்க மகிழ்ச்சியான கணக்கு. ஆனால் அதனைத் திருப்பிப் பார்த்தால் நெஞ்சு திடுக்கிடும்: மேலே ஓரடி குறைய, கீழே உப்பு 40 அடி ஏறிவரும். காலையில் உண்ட பழத்தின் சாறெல்லாம் இந்த மெல்லிய ஆடையிலிருந்து உறிஞ்சப்பட்டதே.

அங்கிருந்து தோலகட்டி. வைன் காண வந்த பயணத்திலே வைன் கிடைக்கும் இடம் இது ஒன்றே. செபமாலைத் தாசர் என்னும் துறவியரின் ஆச்சிரமம் இது. 1928ஆம் ஆண்டில் தோமஸ் அடிகளார் இச்சபையை நிறுவினார். மௌனமும் செபமும் உழைப்புமே இவர்கள் வாழ்க்கை. வளவினுள் நுழைந்ததும் பிள்ளைகள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டனர். வீட்டில் நாம் எத்தனை முறை சொன்னாலும் நடவாத காரியம். திருப்பலிக்குரிய இரசம் முந்திரிகைப் பழத்தினின்று இயற்கையாக உண்டானதாய், பழுதுபடாததாய் இருத்தல் வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதி. உலகிற் பல நாடுகளில் துறவி மடங்களும் முந்திரிகையும் இணைபிரியாதிருப்பதற்கு அவ்விதி ஒரு காரணம். தோலகட்டியின் பெயர் சைவக் குடும்பங்களிடையே பரவியதோ வைனாலன்று, நெல்லி ரசத்தால்.

நெல்லி ரசம் இரண்டு போத்தலும் வைன் ஒன்றும் வாங்கினோம். பெரியம்மா நெல்லிப் போத்தலை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, “இதிலை வெறி இல்லைத்தானே?” என்று மூன்றுமுறை உறுதி செய்துகொண்டார். வைன் போத்தல் வானின் பின்பக்கத்தில், பெரியம்மாவின் கண்ணுக்கு மறைவாக, துவாய் ஒன்றினுட் பயணஞ் செய்தது. அன்றிரவு அதனை ஒரு சிறு கிண்ணமளவு சுவைத்தோம். இனிப்பு முதலில் வந்தது. விழுங்கிய பின்னர் நாவோரத்தில் மெல்லிய துவர்ப்பு நின்றது. வைனின் தரத்தை அறிந்து பேசுமளவுக்கு எமக்குப் பயிற்சி இல்லை.

நண்பகலுக்குப் பின் வசாவிளானுக்கு வந்தோம்.

எது ஒழுங்கை, எது வளவு என்று எமக்கு விளங்கவில்லை. வேலி இல்லை, படலை இல்லை, பற்றையும் இளம் வேம்புகளுமே. பெரியம்மா வானை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒருமுறைகூடத் தயங்காமல் நடந்தார். ஓரிடத்தில் நின்று, “இதுதான் விறாந்தை” என்றார். அத்திவாரமும் ஒரு சுவரின் பாதியும் இருந்தன. அறை இருந்த இடத்தில் ஒரு வேம்பு, கூரையில்லாத வானத்தை நோக்கி வளர்ந்து நின்றது. பின்புறத்திற் சீமெந்துத் தூண் இரண்டு. அவற்றின் உச்சியில் துருப்பிடித்த கம்பி கொஞ்சம். பெரியப்பா கட்டிய முந்திரிகைப் பந்தலில் எஞ்சியது அவ்வளவே. சிறு வயதில் அப்பந்தலின் கீழ்ச் சாக்குக் கட்டிலில் நாம் உறங்கியதுண்டு. காலையில் எழுந்தால் அணில் கடித்த பழங்கள் மார்பிற் கிடக்கும். கொடியின் வேரேனும் இருக்குமோ என்று மண்ணைக் காலாற் கிளறிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை.

கிணறு இருந்தது. மீளக் குடியேறிய அயலவர் ஒருவர், கால்நடை விழாதிருக்கக் கட்டைச் சுற்றிப் பற்றையை வெட்டி வைத்திருந்தார். அவரிடமே வாளியும் கயிறும் இரவல் வாங்கினோம். முதல் வாளியில் இலையும் பாசியும், இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவது வாளி நீரைப் பெரியம்மா சற்று நேரம் தெளியவிட்டு, மடியில் வைத்துக் காத்துவந்த செம்பில் வார்த்து, ஒரு மிடறு வாயிற் கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். குடிக்கவேண்டாம் என்று இல்லாள் ஓடிச்சென்று தடுக்குமுன் அதனைத் துப்பிவிட்டார்.

“சவர் இல்லை. பாசி மணந்தான். இறைச்சாத் தெளியும்.”

“ஆர் மாமி இறைக்கிறது?” என்று கேட்டார் எம் இல்லாள். கடுமையாகக் கேட்கவில்லை, ஆயினும் எவரேனும் கேட்டேயாகவேண்டிய கேள்வி அது. பெரியம்மா விடை கூறவில்லை. வேம்பின் நிழலிற் பாய் விரித்துச் சோற்றுப் பொதியை அவிழ்த்தோம். அயலவருக்கும் ஒரு பொதி கொடுத்தோம். அவரும் பெரியம்மாவும் ஊரில் யார் வந்தார், யார் வரவில்லை, யார் இனி வரவே மாட்டார் என்று பேசிக்கொண்டிருந்தனர். நாம் விலையைப்பற்றி வாய்திறக்கத் துணியவில்லை.

மாலை நான்கு மணியளவில் தெல்லிப்பழை, மாவிட்டபுரம் வழியாகக் கீரிமலையை அடைந்தோம். கடலலை கரையில் மோதும் ஓசைக்குச் சில அடி தூரத்திலே நன்னீர்க் கேணி. நிலத்தின் கீழே கல்லின் வெடிப்புக்களினூடாக ஓடிவரும் நீர், கடலிற் சேருமுன் கடைசியாக இங்கே வெளிப்படுகின்றது. கீரிமுகங்கொண்ட நகுல முனிவர் இதில் நீராடிச் சுயவுருப் பெற்றார் என்பது தலவரலாறு. ஆடி அமாவாசையில் தந்தையை இழந்தோர் கூட்டங் கூட்டமாக இங்கு வருவர். அன்று கூட்டம் இல்லை. ஆண்கள் கேணியில் நாமும் மகனும் இறங்கினோம். காலைமுதல் உடம்பிற் படிந்த செம்மண்ணெல்லாம் நீங்கி, அந்தக் குளிர்ச்சியில் வெளியேறவே மனம் வரவில்லை. மெல்லிய உவர் நாவிற் பட்டது; கடல் அத்துணை அண்மையில் அல்லவா இருக்கின்றது!

மகன் நீந்துவதை விட்டுக் கேணியின் மூலைகளிற் தேடிக்கொண்டிருந்தான். திடீரென்று, “அப்பா, வந்திட்டுது!” என்று கூவினான். கையில் ஒரு தேசிக்காய், பாதி வெட்டுண்டது. தலைமுழுகியவர் எவரோ விட்டுச் சென்றதாயிருக்கும். உன் எழுத்து எங்கே என்று கேட்டோம். கல்லுக்குள்ளால் வந்தபடியால் தேய்ந்துவிட்டது என்றான். நிலநூலை நாமே கற்பித்த பின்னர் அவனோடு எங்ஙனம் வாதாடுவது?

இருட்டுமுன் திருநெல்வேலிக்குத் திரும்பினோம். பெரியம்மா தேநீர்கூடக் குடியாமல், பொலித்தீன் பை மூன்றில் மண்ணும் எருவுங் கலந்து நிரப்பி, தடிகளை ஊன்றிக் கிணற்றடி நிழலில் வைத்தார். மறுநாட் காலை அவர் கனடாவுக்குப் பேசியது எம் காதில் விழுந்தது. “வாங்கிறவரைத் தை மாதம் வரச் சொல்லு. மாரி பெய்யட்டும். அதுக்கிடையிலை பக்கத்து வளவுக்காரர் கிணத்தை இறைச்சு, ரெண்டு பரப்பிலை வெங்காயம் வைக்கட்டும். குத்தகைக் காசு வேண்டாம்.” மறுமுனையில் என்ன சொல்லப்பட்டதோ அறியோம். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், “ஓமடா, எனக்கு எண்பத்தொண்டுதான், தெரியும்” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

கொழும்பு திரும்பியபின் கிழமைதோறும் தடிகளைப்பற்றி விசாரித்து வருகின்றோம். இரண்டு தளிர்த்துவிட்டன. மூன்றாவது பட்டுவிட்டதோ என்று சென்ற ஞாயிறு கேட்டோம்.

“இல்லைத் தம்பி, அது நித்திரை” என்றார் பெரியம்மா.